முன்னோட்டக் கழகத்தின் சராசரி ரசிகர்

கண்ணாடிக்காரருக்கு முதல் கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. முத்திரை குத்திய பழுப்பு உறை. உள்ளே ஒரே ஒரு தாள். தாளின் நட்டநடுவில் "விரைவில்" என்று ஒரு சொல். மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சடித்த இடத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, தன் கண்ணாடி வெட்டும் கடையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு அடியில் மடித்துச் செருகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த தாளில் "உங்கள் வாசலில்" என்று இருந்தது. புதன்கிழமைத் தாளில் "இனி யாராலும் தடுக்க முடியாது".

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி வீட்டுப் பத்திரம், மகளின் சான்றிதழ்கள், மூன்று பேருக்கும் மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் பதினாறு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். எழுத்தைக் கண்டு பயப்படுகிற ரகமே இல்லை.

"யார்கிட்டயாவது வாய் கொடுத்தீங்களா?"

"நான் யார்கிட்ட வாய் கொடுக்கறேன்? வர்றவங்ககிட்ட அளவு கேப்பேன். அவ்வளவுதான்."

"யோசிச்சுப் பாருங்க. யாருக்காவது அளவு தப்பா வெட்டிட்டீங்களா?"

யோசித்தார். இருபத்தெட்டு வருடத்தில் இரண்டு பேருக்கு அப்படி ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் வேறு கண்ணாடி வெட்டிக் கொடுத்தாயிற்று. மற்றபடி அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி வெட்டுகிறவனுக்குப் பதற்றம் ஆகாது என்பது அவர் தொழில் கற்றபோதே உடம்பில் ஏறிவிட்ட விஷயம்.

வியாழக்கிழமை வந்த ஐந்து பக்கக் கடிதத்தில்தான் விஷயம் இருந்தது. அனுப்பியது முன்னோட்டத் தரக் கழகம். திரையரங்குகளில் எந்த டிரெய்லரையும் இவர்கள் முத்திரை இல்லாமல் காட்டக் கூடாது. பார்ப்பவரின் நாடி நிமிடத்துக்கு நூற்றுப்பத்தைத் தொட்டால்தான் முத்திரை. அப்படித் தொடுகிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒரு குடிமகனைப் பொறுக்கி எடுப்பார்கள். உயரம், எடை, செருப்பு அளவு, குடும்பத்தில் எத்தனை பேர், வருடத்துக்கு எத்தனை படம் என்று எல்லாவற்றிலும் சரியாக நடுவில் நிற்கிற ஆள் வேண்டும். "இந்நகரில் எந்த வகையிலும் தனித்துத் தெரியாத ஒரே நபர் தாங்கள்தான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். முன்பு அனுப்பிய மூன்று தாள்களும் இக்கடிதத்தின் முன்னோட்டமாகக் கொள்ளப்பட வேண்டும்." ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி, "இப்பணியை ஏற்க மறுப்பவர்களுக்கு" என்பதோடு நின்றுவிட்டது. ஆறாம் பக்கம் இல்லை.

உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள் மனைவி. மகள் சிரித்தாள். படிப்பை முடித்துவிட்டு, நூலகத்தில் கிடைத்த வேலையில் சேர நாள் பார்த்துக்கொண்டிருந்தவள். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"அந்த ஆறாம் பக்கத்துக்கு பயந்தே நீங்க போகத்தான் போறீங்கப்பா," என்றாள்.

போனார்.

கழகத்தின் நடைகூடம் நீளமாக, இருட்டாக இருந்தது. விளக்குகள் அவர் நடக்க நடக்க எரிந்தன. ஆனால் முன்னால் எரியவில்லை. கடந்து போன பிறகு முதுகுக்குப் பின்னால் எரிந்தன. முன்மேசைப் பெண் அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள போங்க, ஆனா," என்று சொல்லி நிறுத்தினாள்.

"ஆனா?"

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நொடி போனது. "கதவை இழுத்துத் திறக்கணும். தள்ளினா திறக்காது."

அவள் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. எந்த வாக்கியத்தையும் உடனே முடிக்காதீர் என்று ஊழியர்களுக்கு அறிவுரை.

தலைவர் மெல்லிய மனிதர். துக்கம் சொல்ல வந்தவர் குரலில்தான் எப்போதும் பேசுவார். வலப்பக்கம் இடி அதிகாரி, இடப்பக்கம் மௌன அதிகாரி. ஒருவர் திரையில் திடுமென்று எழும் சத்தங்களுக்குப் பொறுப்பு. மற்றவர், ஓர் அம்மாள், அந்தச் சத்தத்துக்கு முன்னால் வருகிற அமைதிக்குப் பொறுப்பு. இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"விஷயம் ரொம்ப எளிசு," என்றார் தலைவர். "முதல்ல சந்தோஷமா ஒரு குடும்பத்தைக் காட்டணும். சிரிக்கறாங்க, சாப்பிடறாங்க. அது எதுக்கு?"

"சந்தோஷமா இருக்கறதுக்கு," என்றார் கண்ணாடிக்காரர்.

"பறிக்கறதுக்கு. கையில இல்லாததைப் பறிக்க முடியாது பாருங்க. அதுக்கப்புறம் சத்தத்தை அடியோட நிறுத்திடுவோம். அரங்கத்துல இருக்கறவன் ஒவ்வொருத்தனும் தான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைப்பான். அந்த நேரம் பார்த்து ஓங்கி ஒண்ணு போடுவோம். உடனே இருட்டு. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லவே கூடாது. பசி தீர்ந்தவன் கடை வாசல்ல நிக்க மாட்டான்."

"இருட்டு எங்க பிரிவு," என்றார் மௌன அதிகாரி.

"இருட்டுக்கு முன்னாடி இடி இல்லைன்னா அது கரெண்ட் போன மாதிரிதான் இருக்கும்," என்றார் இடி அதிகாரி, கூரையைப் பார்த்து.

"அப்ப படத்துல என்ன ஆகுது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

தலைவருக்குப் புரியவில்லை. "எந்தப் படம்?"

"இந்த டிரெய்லரோட படம்."

"முன்னோட்டம்னு சொல்லுங்க. படத்தை நாங்க பாக்கறதில்லை. பாத்தா எங்க வேலை கெட்டுப்போயிடும்."

அவரை ஒரு நாற்காலியில் சாய்த்து, விரல் நுனியில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். திரைக்குப் பக்கத்தில் அவர் நாடி பச்சை எண்ணாக எரிந்தது. அறுபத்துநான்கு.

முதல் டிரெய்லர் ஓடியது. ஒரு தாய், ஒரு தொட்டில், ஆடாமல் நிற்கிற திரைச்சீலை. அமைதி. பிறகு ஜன்னல் வெடித்துச் சிதறியது. அறுபத்துநான்கு.

"என்ன தோணுச்சு?" என்று கேட்டார் தலைவர், பேனாவோடு.

"அது கெட்டிப்படுத்தின கண்ணாடி. உடைஞ்சா கல்கண்டு மாதிரிப் பொடியாகும். இப்படிக் கத்திகத்தியா விழாது."

எழுதிக்கொண்டார்கள். அடுத்ததில் சத்தத்தைக் கூட்டினார்கள். அறுபத்திரண்டு. அதற்கடுத்ததில் இடி அதிகாரி தன் பணிக்காலத்திலேயே பெரிய இடியைப் போட்டார். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பக்கத்து அறையில் ஒரு எழுத்தருக்கு மயக்கம் வந்து தண்ணீர் தெளித்தார்கள். அறுபத்தொன்று. நான்காவதில் மௌன அதிகாரி அமைதியை நாற்பது நொடிக்கு நீட்டினார். கண்ணாடிக்காரர் தூங்கிவிட்டார். நாடி ஐம்பத்தாறு.

பத்து நாள் இப்படியே போனது. முத்திரை கிடைக்காத டிரெய்லர்கள் நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டன. கழகம் அவசரக் கூட்டம் போட்டு, குறை டிரெய்லரில் இல்லை, ரசிகரின் வாழ்க்கையில்தான் இருக்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

"உங்க வீட்ல பின்னணி இசையே இல்லை," என்றார் தலைவர், பரிவோடு. "காலையில போறீங்க, சாயந்திரம் வர்றீங்க. நடுவுல யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு நாளாவது நினைச்சிருக்கீங்களா?"

"எதுக்கு நினைக்கணும்?"

"அதைத்தான் சரிபண்ணப் போறோம்."

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'அன்பு விவரம்' என்று தலைப்பு. யாரை நேசிக்கிறீர்கள், முன்னுரிமை வரிசைப்படி எழுதுக. அவர் மனைவியையும் மகளையும் ஒரே வரியில் எழுதினார். எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். ஒரு வரிக்கு ஒரு ஆள்தான். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் வரியில் மகள், இரண்டாவதில் மனைவி என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள், "நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றாள். ஆனாலும் அன்று முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் தெருமுனையில் விளக்கு அணைந்தது. வீட்டுக்கு எதிரே ஓர் ஆள் தோள்பையோடு வந்து நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான். நாற்பது நிமிடம் கழித்துப் போனான். மறுநாளும் வந்தான். தொலைபேசி மணியடிக்கும். எடுத்தால் மூன்று நொடி மூச்சுச் சத்தம், பிறகு வைத்துவிடுவார்கள். பூட்டிவிட்டுப் போன கதவு, திரும்பி வந்தால் ஒருக்களித்துத் திறந்திருக்கும். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. மகளின் சீப்பு மட்டும் சமையலறை மேசையில் தனியாகக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் கழகத்திலிருந்து ஒழுங்காகச் சீட்டு வந்துவிடும். 'எதிரே நின்றது, 40 நிமிடம். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இடவும்.'

கண்ணாடிக்காரர் காவல் நிலையத்துக்குப் போனார்.

"என்ன ஆச்சு?" என்றார் ஏட்டு.

"ஒண்ணும் ஆகலை."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஆகப்போற மாதிரியே இருக்கு."

ஏட்டு பேனாவை மூடினார். "ஆகப்போற மாதிரி இருக்கறதெல்லாம் முன்னோட்டக் கழகம் சார். ஆனதுக்கப்புறம்தான் நாங்க."

அந்த வாரம் கடையில் ஒரு அலமாரிக் கண்ணாடி அவர் கையில் கோணலாக முறிந்தது. அன்றிரவு மகளுக்கு நேரமாகிவிட்டதா என்று மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

புதன்கிழமை கழகத்துக்குப் போய், இதையெல்லாம் நிறுத்துங்கள் என்று சொன்னார். தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாடி எண்பத்தொன்பதுக்கு வந்தாச்சு. இப்பப் போய் நிறுத்தலாமா? உக்காருங்க. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு."

கவ்வியை மாட்டினார்கள். விளக்கணைந்தது.

திரையில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்ததுபோல், ஒரு ஜன்னல் தெரிந்தது. உள்ளே ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அது அவர் மனைவி. அந்தச் சிரிப்பு அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குத்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது, என்ன சொன்னோம் என்பது வரவில்லை. அடுத்து மகள். ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே எதையோ படிக்கிறாள். பின்னால் இசை இளகி ஓடியது. சந்தோஷமான குடும்பம். அது எதற்கு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு அவர்கள் மாடி வீட்டுக்குத் தெருவிலிருந்து ஏறும் படி. மகள் இறங்கி வருகிறாள். ஒரு படி, இன்னொரு படி. இசை நின்றது. அவள் நிமிர்ந்து, நேராக அவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஏதோ கேட்கப் போவதுபோல் வாயைத் திறந்தாள்.

இருட்டு.

இடி வரவில்லை. இடி அதிகாரி முதல்முறையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

விளக்கு எரிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை எண் நூற்று முப்பத்தொன்று. மௌன அதிகாரி அழுதுவிட்டார். இடி அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அவ படியிறங்கினா," என்றார் கண்ணாடிக்காரர். விரல் கவ்வியைப் பிடுங்கிப் போட்டார். "அப்புறம்?"

"அது படத்தோட விஷயம்," என்றார் தலைவர், முத்திரையைக் குத்திக்கொண்டே.

வீட்டுக்குப் போன் செய்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவது மணியில் மகள் எடுத்தாள். "துணி காயப்போட்டுட்டு இருந்தேன்ப்பா. என்ன, ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது?"

முத்திரை வாங்கிய டிரெய்லர் எல்லா அரங்கிலும் ஓடியது. எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. ஊரே அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று பேசியது. கடைக்கு வந்தவர்கள் கண்ணாடிக்காரர் முன்னாலேயே வாதாடினார்கள். "கடைசிப் படியில எண்ணெய் ஊத்தியிருக்கான் சார், நல்லா பாருங்க, பளபளக்குது," என்றார் ஒருவர். "இல்லை, கீழ நிக்கறது அவங்க அப்பாதான். அவர்தான் பண்ணப்போறாரு," என்றார் இன்னொருவர், அளவுச் சீட்டை நீட்டியபடி. கண்ணாடிக்காரர் அளவைக் குறித்துக்கொண்டார். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்காகத்தானே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது வாரம் டிரெய்லரின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. 'வரும் வெள்ளிக்கிழமை.'

மகள் வேலையில் சேர வேண்டிய நாளும் அதுதான்.

கண்ணாடிக்காரர் தலைவர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார். "வெள்ளிக்கிழமை என்ன ஆகப்போகுது?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"தேதி போடணும்னு விதி இருக்கு, போட்டோம். படம் எடுக்கறது எங்க வேலை இல்லையே." தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். துக்கக் குரல் இன்னும் தணிந்தது. "ஆனா நீங்க கவலையே படாதீங்க. எட்டு லட்சம் பேர் எதிர்பார்த்துட்டு இருக்காங்க. அத்தனை பேர் ஆசைப்பட்டுக் காத்திருக்கற ஒண்ணு நடக்காமப் போகாது. யாராவது ஒருத்தர் நடத்தி வெச்சிடுவாங்க. எங்களுக்கு மக்கள் மேல முழு நம்பிக்கை இருக்கு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெரு நிறைந்திருந்தது. டிரெய்லரில் வாசல் எண் தெரிந்திருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலி கொண்டுவந்தவர்கள் முன்வரிசையில். யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் கையில் எண்ணெய் டப்பா இருந்தது. சமையலுக்கு வாங்கினதாக இருக்கலாம். கண்ணாடிக்காரர் ஜன்னலை விட்டு உள்ளே வந்தார்.

"பாப்பா, இன்னிக்குப் போக வேண்டாம்," என்றார்.

"முதல் நாளே லீவு போட்டா வேலையே போயிடும்ப்பா. இன்னிக்கு ஒளிஞ்சுக்கிட்டா நாளைக்கு மட்டும் போயிடுவாங்களா?"

மனைவி திரைச்சீலை இடுக்கு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருந்துக் கடையில் நீளமான வரிசையைப் பார்க்கிற பார்வை அது. "பாக்கத்தானே வந்திருக்காங்க," என்றாள். "பாத்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்து வைத்து, படியில் நின்று, "வரிசையா வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள்.

கூட்டம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு வரிசையாயிற்று. உள்ளே வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சோப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். குளிர்பெட்டியைத் திறந்து பாதி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எங்க நடக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எது?"

"அதான்."

"தெரியலைங்க."

அவர் கொஞ்ச நேரம் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்திலிருந்து ஏதோ ஒன்று சிறிது சிறிதாக இறங்கியது. "இவ்வளவுதானா," என்று முணுமுணுத்துவிட்டுப் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார். அடுத்தவர் வந்தார். அவர் முகத்திலும் அதுவே இறங்கியது.

எட்டே முக்காலுக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கண்ணாடிக்காரர் ஊசியைப் பிடித்தபடி மேலிருந்து பார்த்தார். ஒரு படி, இன்னொரு படி. பின்னால் இசை இல்லை, ஒன்றும் இல்லை. ஏறிக்கொண்டிருந்தவர்கள் எரிச்சலோடு ஒதுங்கினார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க."

"ஏம்மா, நாங்களும் அதுக்குத்தான் நிக்கறோம். பின்னாடி போய் வரிசையில நில்லு," என்றாள் ஒருத்தி.

"நான் உள்ள வரலைங்க. வெளிய போறேன்."

"அதுக்குள்ள பாத்தாச்சா? எப்படி இருக்கு?"

"பெரிசா ஒண்ணுமில்லை," என்று சொல்லிவிட்டு, எட்டு லட்சம் பேர் காத்திருந்த பெண் அவர்கள் நடுவில் நடந்து, தெருமுனை திரும்பி, பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம் பாதியானது. ஒரு மணிக்கு மடக்கு நாற்காலிகளை மடக்கினார்கள். இரண்டு மணிக்குத் தெருவில் காகிதக் கோப்பைகள் மட்டும் இருந்தன. கழகத்திலிருந்து ஓர் ஊழியர் வந்து எட்டிப் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மகள் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்தே முக்கால் ஆனது. மனைவி சமையலறையில் ஒரே டம்ளரை இரண்டாம் முறை கழுவினாள். ஆறு ஆனது. அவர் காது தெருவுக்கே போய் நின்றுகொண்டது. ஆறே கால். படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. மறுபடி வந்தது. அவர் எழுந்து கதவைத் திறந்தார்.

"பஸ் லேட்," என்றாள் மகள். கையில் பேரிக்காய்ப் பை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முகத்தில் சாதாரணக் களைப்பு.

அப்போதுதான் அது நடந்தது. நிம்மதி வந்தது, வராமலில்லை. ஆனால் அதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் வேறொன்று அவருக்குள் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அது இன்னதென்று தேட வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து ஐந்நூறு முகங்களில் அந்த 'இவ்வளவுதானா'வைத்தான் பார்த்திருந்தார்.

"என்னப்பா, ஒரு மாதிரி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் கதவையே பிடிச்சுட்டு நிக்கறீங்க?"

பேரிக்காய்ப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து முகம் கழுவினார். மறுபடியும் கழுவினார். நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டது அவள்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கூடத்தில் மகள் முதல் நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகம் அடுக்கினாளாம். ஒரு அலமாரி முடிந்து இரண்டாவதில் பாதி ஆயிற்றாம். "கேக்கறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

"கேக்கறோம், சொல்லு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், குழாயை மூடாமல்.